34 வயதில் மறுபடி கல்லூரி: எதைப் படிப்பது, எதை விடுவது?

கருங்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி விவரங்களைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. அம்மா அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) கொட்டை உடைத்து, தோடு எண்ணெய் பட்டுக் கையெல்லாம் வெந்த நிலையிலும் மகளை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ வரை படிக்க வைத்தார். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கிடைத்தது. நான்கு செமஸ்டர் முடிந்த கையோடு கல்யாணம். அதோடு படிப்பு நின்றது, இரண்டு பேப்பர் அரியராகவும் நின்றுவிட்டது. பிளஸ் டூ அசல் மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் இன்றுவரை கல்லூரியில்தான் இருக்கின்றன. "கேட்கப் போனால் மூன்றாம் வருஷ ஃபீஸையும் சேர்த்துக் கட்டச் சொல்வார்களோ என்று பயந்து போகவே இல்லை" என்கிறார்.

கணவர் கத்தாரில் ஏசி மெக்கானிக். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. வீட்டுக் கடன் ஓடுகிறது. இவர் ஆறு வருஷமாக மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு வேலைக்குப் போகிறார். இப்போது டிகிரி முடிக்க வேண்டும், நிலையான ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். கணவரின் தம்பி, நர்சிங் படித்தால் குடும்பத்தோடு வெளிநாடு போய்விடலாம் என்கிறார். தோழி ஒருவர், கரெஸ்ஸில் (தொலைதூரக் கல்வியில்) டிகிரியும் பி.எட்.டும் முடித்து டீச்சர் ஆகிவிடு என்கிறார். மார்த்தாண்டத்தில் ஒரு 'கல்வி மையம்', 45,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வருஷத்தில் வட மாநிலப் பல்கலைக்கழக டிகிரி கைக்கு வரும் என்கிறது. மாமியார், "இனி படிச்சு எங்க போகப்போற மக்ளே, பிள்ளையளப் படிக்க வை" என்கிறார். கணவரிடம் கேட்டால் "உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிடுகிறார்.

"14 வருஷத்தை வீணாக்கிவிட்டேன். இனிமேலாவது சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாலிச் செயின் தவிர எட்டு பவுன் இருக்கிறது, அடகு வைத்தாவது படிக்கலாமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நர்சிங்கைப் பற்றி ஒரு பக்கம், பி.எட்.டைப் பற்றி ஒரு பக்கம், மாமியாரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தினமும் செய்கிற வேலையைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: "கடையில் பில் போடுவேன், டேலியில் ஏற்றுவேன், ஜிஎஸ்டி கணக்கு எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புவேன், அவ்வளவுதான்." என் பதில் முழுக்க அந்த வரியிலிருந்துதான் வரப்போகிறது. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அவற்றில் சில தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் பணமும் வருஷமும் சேர்ந்து போகும்.

நகையை அடகு வைக்க வேண்டாம். நான் சொல்லப்போகும் எந்த வழிக்கும் அது தேவைப்படாது.

பழைய பி.எஸ்சி.யைத் தொடர முடியுமா?

விட்ட இடத்திலிருந்து ஐந்தாம் செமஸ்டரில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டப்படிப்பை இத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. நீங்கள் அதைத் தாண்டிப் பல வருஷமாகிவிட்டது. பாடத்திட்டமும் மாறிவிட்டது. படித்த பாடங்களுக்கான கிரெடிட் புள்ளிகளை வங்கியில் போடுவது போலச் சேர்த்து வைக்கும் ஏபிசி என்ற திட்டம் வந்திருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அது 2021-இல் வந்தது. அதில் சேரும் கிரெடிட்டுக்கும் அதிகபட்சம் ஏழு ஆண்டுதான் ஆயுள். உங்களுடையது அதற்கெல்லாம் முந்தியது.

அப்படியானால் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது கஷ்டமான செய்திதான். ஆனால் இதில் ஒரு வசதி இருக்கிறது. இயற்பியலையே பிடித்துக்கொண்டு இருக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. 17 வயதில் எந்தக் கல்லூரியில் எந்த சீட் கிடைத்ததோ அதில் சேர்ந்தீர்கள். இப்போது நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

சான்றிதழ் விஷயத்தில் உங்கள் பயம் தேவையில்லாதது. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாக அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. நீங்கள் படிக்காத மூன்றாம் வருஷத்துக்குக் கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லி அவற்றை வைத்திருக்க முடியாது. நூலகப் புத்தகம், ஆய்வகச் சாமான் பாக்கி என்று ஏதாவது இருந்தால் அதைக் கட்டிவிடுங்கள், அது நியாயம். வாயால் கேட்காதீர்கள். முதல்வர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சேர்ந்த வருஷம், துறை, பதிவு எண், நின்ற செமஸ்டர் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, பிளஸ் டூ அசல் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் வேண்டும் என்று கேளுங்கள். ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளில் இது ஒரே நாளில் முடிகிற வேலை. பழைய கோப்பைத் தேடி எடுக்க வேண்டும் என்றால் ஒரு வாரம் ஆகலாம். ஒருவேளை தொலைந்துபோயிருந்தாலும் பிளஸ் டூ சான்றிதழுக்கு இரண்டாம்படியை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது.

நர்சிங்

கணவரின் தம்பி சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. நம்ம மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளை நர்ஸ் பிள்ளைகளின் சம்பளம்தான் நிமிர்த்தியிருக்கிறது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி காலத்திலிருந்தே இங்கே அந்தத் தொழிலுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் உங்கள் நிலையில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம், முழுநேரப் படிப்பு. இதைத் தொலைதூரக் கல்வியில் படிக்கவே முடியாது, அதற்கு அனுமதியே இல்லை. வார்டு பயிற்சி உண்டு, அதில் இரவுப் பணியும் வரும். கடை வேலையை விட வேண்டும், அந்தச் சம்பளம் நின்றுபோகும். முடித்த பிறகு நர்சிங் கவுன்சிலில் பதிவு, ஆஸ்பத்திரியில் குறைந்தது ஒன்றிரண்டு வருஷ அனுபவம், வளைகுடா என்றால் அந்த நாட்டு உரிமத் தேர்வு, ஜெர்மனி என்றால் பி2 நிலை வரை ஜெர்மன் மொழி. எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தால்கூட நீங்கள் விமானம் ஏறும்போது வயது 40-ஐத் தாண்டியிருக்கும். அப்போது உங்கள் மகள் கல்லூரியில், மகன் பிளஸ் டூ வாசலில். 'குடும்பத்தோடு' என்ற அவருடைய வார்த்தை அந்த நேரத்தில் எவ்வளவு நடக்கும் என்று யோசியுங்கள்.

செலவும் இருக்கிறது. இங்கே சீட் கிடைக்காமல் ஏஜென்ட் மூலம் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் போய்ச் சேர்ந்து, அப்புறம் அந்தக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா இல்லையா என்று அலைந்த பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் உங்கள் உள்ளத்து ஆசை என்றால் நான் இவ்வளவு தடுத்துப் பேசமாட்டேன். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை எங்கேயும் இல்லை. வெளிநாடு என்ற சொல்தான் இருக்கிறது, அதுவும் இன்னொருவர் வாயிலிருந்து வந்த சொல்.

ஆசிரியர் வேலை

தோழி சொன்னதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு. டிகிரியைத் தொலைதூரக் கல்வியில் படிக்கலாம். பி.எட்.டை அப்படிப் படிக்க எல்லோராலும் முடியாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் பி.எட்., ஏற்கனவே ஆசிரியர் பயிற்சி முடித்து ஆசிரியராக இருப்பவர்களை மனதில் வைத்து நடத்தப்படுவது. உங்களைப் போல் புதிதாக வருபவர் கல்லூரிக்கு நேரில் போய் இரண்டு வருஷம் படிக்க வேண்டும், பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சியும் உண்டு. ஆக மூன்றும் இரண்டும் ஐந்து வருஷம். அதன் பிறகு அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் இருக்கின்றன. தனியார் பள்ளியில் உடனே இடம் கிடைக்கும், ஆனால் ஆரம்பச் சம்பளம் நீங்கள் இப்போது கடையில் வாங்குவதைவிட அதிகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நான் கீழே பி.காம். பற்றிப் பேசப்போகிறேன். பத்தாம் வகுப்பு வரை வணிகவியல் என்று ஒரு பாடம் கிடையாது. அதனால் பி.காம்.மும் பி.எட்.டும் மட்டும் படித்தால் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போக முடியாது. மேல்நிலை வகுப்புக்கு எடுக்க வேண்டும், அதற்கு எம்.காம். வேண்டும். ஆகவே வகுப்பறையில் நிற்பதுதான் உங்கள் கனவு என்றால் பி.காம். எடுக்காதீர்கள். கணிதமோ தமிழோ ஆங்கிலமோ எடுங்கள். இந்த ஒரு கேள்வியை நீங்கள்தான் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். "டீச்சர் வேலை என்றால் மாமியாரும் ஒத்துக்கொள்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியார் ஒத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் 20 வருஷம் கரும்பலகை முன்னால் நிற்கப்போவது நீங்கள்.

45,000 ரூபாய் டிகிரி

இதில் நான் எடைபோட்டுச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வேண்டவே வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள்.

மூன்று வருஷப் பட்டம் ஒரு வருஷத்தில் நேர்மையாக வர வழியே கிடையாது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லைக்கு வெளியே தொலைதூரக் கல்வி மையம் நடத்தக் கூடாது. தனியாருக்கு உரிமம் கொடுத்து நடத்த விடவும் கூடாது. மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் வட மாநிலப் பல்கலைக்கழகத்தின் போர்டு தொங்குகிறது என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. அரசு வேலையில் சேர்ந்தால் சான்றிதழின் உண்மைத்தன்மை கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கே கடிதம் போகும். பொய் என்று தெரிந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும். வெளிநாட்டுக்குச் சான்றொப்பம் வாங்க வேண்டும் என்றாலும் அதே சோதனைதான். கத்தாரில் சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்கு எவ்வளவு பார்க்கிறார்கள் என்று உங்கள் கணவரிடம் கேட்டால் அவரே சொல்வார்.

அதே சமயம், தொலைதூரக் கல்வி என்றாலே மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். "கரெஸ் டிகிரியை யார் மதிப்பார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். மானியக் குழு அனுமதித்த தொலைதூரப் பட்டம், கல்லூரிக்கு நேரில் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம். 2020-ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இது இருக்கிறது, 2022-இல் மறுபடியும் உறுதி செய்தார்கள். தமிழ்நாட்டு அரசு வேலைக்கு முக்கியமான நிபந்தனை வேறு: பத்து, பிளஸ் டூ, அப்புறம் மூன்று வருஷப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள்தான் இதில் மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் பிளஸ் டூ பாஸ். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் கையில் ஏற்கனவே இருக்கும் தொழில்

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். டைல்ஸ் கடையில் நீங்கள் செய்வதை நான் கொஞ்சம் விரித்துப் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்திலிருந்து வரும் லோடுக்கு ஐஜிஎஸ்டி. நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்தால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று மத்திய, மாநில வரியாக இரண்டாகப் பிரியும். மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு நகர்ந்தால் இ-வே பில் என்ற சரக்குச் சீட்டு வேண்டும், தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். மாதாமாதம் கணக்குக் காட்டும் கடையென்றால் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்கு. சப்ளையர் தன் பில்லை ஏற்றாமல் விட்டால் வாங்கும்போது கட்டிய வரியை உங்கள் கடை கழித்துக்கொள்ள முடியாது, அதை அவருக்குப் போன் போட்டுக் கேட்கிற ஆளும் நீங்களாகத்தான் இருக்கும். உடைந்த டைல்ஸ் திரும்பிப் போனால் கிரெடிட் நோட்.

இதை "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பி.காம். கையில் வைத்திருக்கும் எத்தனையோ பிள்ளைகள் இதைச் செய்யத் தெரியாமல் நேர்முகத் தேர்வில் விழிக்கிறார்கள். உங்களிடம் வேலை இருக்கிறது, பட்டம் இல்லை. அவர்களிடம் பட்டம் இருக்கிறது, வேலை தெரியாது. உங்கள் குறையை மூன்று வருஷத்தில், கடைக்குப் போய்க்கொண்டே சரிசெய்ய முடியும்.

அதனால் என் கருத்து இது: வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் பி.காம். சேருங்கள். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தீர்கள் என்பது பெரும்பாலும் தடையாக இருக்காது, ஆனால் சேரும் இடத்தின் தகுதி விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். உங்களுக்கு வசதியாக இருக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி. உங்கள் பழைய கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததாகத்தான் இருக்கும். இன்னொன்று, சென்னை சைதாப்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.காம். உண்டு, பிளஸ் டூ போதும், மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரை இழுத்து முடிக்க அனுமதிக்கிறார்கள். ஆனால் நீங்கள் தமிழ்வழியில் படித்தவர். ஆங்கிலத்தில் மூன்று வருஷம் தேர்வு எழுதுவது கூடுதல் சுமை. முதல் இரண்டில் தமிழ்வழி எந்தப் பாடத்துக்கு உண்டு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எதில் சேர்ந்தாலும் கட்டணத்தை உங்கள் சம்பளத்திலிருந்தே கட்டிவிடலாம்.

மகளிர் ஐடிஐ பற்றியும் ஒரு வார்த்தை. பட்டம் வேண்டாம், சீக்கிரம் ஒரு தொழில் சான்றிதழ் போதும் என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல வழி. தமிழ்நாட்டு ஐடிஐக்களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது என்பதால் இதோடு விடுகிறேன். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும். புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு அது கிடையாது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பி.காம். முடித்த பின் என்ன? மூன்று வாசல்கள் தெரிகின்றன. ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்காளராகச் சேரலாம். இப்போது நீங்கள் கணக்கு அனுப்பும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு உங்கள் வேலைத் தரம் ஏற்கனவே தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டாவது, ஜிஎஸ்டி பிராக்டிஷனர். வணிகவியல் பட்டம் இருந்தால் இதற்குப் பதிவு செய்யலாம், அதற்கென்று நடக்கும் தேர்வில் தேற வேண்டும். தேறிவிட்டால் சிறு கடைகளுக்கு நீங்களே ரிட்டர்ன் தாக்கல் செய்து தரலாம். கருங்கல், திங்கள்சந்தை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் எத்தனை மரக்கடை, மருந்துக்கடை, ரப்பர் வியாபாரி இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் ஒரு அறையும் ஒரு கம்ப்யூட்டரும் போதும், பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்தில் வீட்டில் இருக்கலாம். பி.எஸ்சி. இயற்பியலை முடித்திருந்தால் இந்தப் பதிவுக்குத் தகுதி வந்திருக்காது. மூன்று வாசல்களில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான், அதை மறைக்கவில்லை.

மூன்றாவது, அரசு வேலை. இதில் நீங்கள் இரண்டு விதமாகத் தவறாக நினைத்திருக்கிறீர்கள். டிகிரி முடிந்தபின்தான் டிஎன்பிஎஸ்சி எழுத முடியும் என்றும், 32 வயதோடு எல்லாம் முடிந்தது என்றும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், அடுத்த அறிவிக்கை வந்ததுமே விண்ணப்பிக்கலாம். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகுப்பினர் குறைந்தபட்சத் தகுதிக்கு மேல் படித்திருந்தால், இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு பொருந்தாது. பத்துக்கு மேல் பிளஸ் டூ இருக்கிறதே, அது போதும். கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு மட்டும் தனி வரம்பு, உங்கள் வகுப்புக்கு 42. ஒவ்வொரு அறிவிக்கையிலும் வயது அட்டவணை இருக்கும், உங்கள் பதவிக்கு நேரே உள்ளதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேர்வில் 200 கேள்விகளில் முதல் 100 தமிழ். அதில் 150-க்கு 60 வாங்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்வழியில் படித்த உங்களுக்கு அது பயமில்லை, மதிப்பெண் அள்ளுகிற இடம். ஒன்றாம் வகுப்பு முதல் பத்து வரை தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் இப்போதே வாங்கி வையுங்கள், 20 சதவீத முன்னுரிமை அதில் இருக்கிறது. அறிவிக்கை வந்தபின் எல்லோரும் பள்ளி வாசலில் நிற்பார்கள். ஆனால் இலட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வு இது. கூடவே எழுதுங்கள், இதற்காகக் கடை வேலையை விட்டுவிட்டுக் கோச்சிங் சென்டரில் உட்காராதீர்கள்.

சேர்வதற்கு முன் ஒரு சின்ன முடிச்சு

சான்றிதழ்களில் உங்கள் பெயருக்கு முன் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கல்யாணத்துக்குப் பின் கணவரின் இனிஷியலாக மாற்றிவிட்டீர்கள். இது சிறிய விஷயமாகத் தெரியும். இப்போது தொலைதூரக் கல்வியில் சேர, மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் எடுக்கும் டெப் ஐடி என்ற எண் கட்டாயம், அதற்கு ஏபிசி ஐடி வேண்டும், அதை டிஜிலாக்கரில் ஆதாரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆதாரைப் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி திருத்திக்கொள்ளுங்கள். சான்றிதழை மாற்றப் போகாதீர்கள், அது நீண்ட அலைச்சல். வங்கிக் கணக்கிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கடை முதலாளியிடம் ஆறு வருஷ அனுபவச் சான்றை, செய்த வேலைகளைக் குறிப்பிட்டு, லெட்டர்பேடில் வாங்குங்கள். இப்போது உறவு நன்றாக இருக்கும்போதே கேட்பது நல்லது.

சேரப்போகும் பாடத்துக்கு அந்த வருஷத்தில் அனுமதி உண்டா என்று மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, பாடத்தின் பெயரும் இருக்க வேண்டும். பணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள், மையக்காரர் கையில் கொடுக்காதீர்கள்.

வீட்டில்

மாமியார் உங்களை எதிர்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டதாக நீங்கள் எழுதிய கேள்விகளைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனால் பிள்ளையளை யாரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது?" "பரீட்சைன்னா நான் எத்தனை நாள் சமைக்கணும்?" இவை இரண்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். சனி, ஞாயிறு வகுப்புகள் வருஷத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் நடக்கும், அட்டவணை முன்கூட்டியே வரும். அதை அவர் கண்ணில் படும்படி காலண்டரில் குறித்து ஒட்டுங்கள். அவருடைய முழங்கால் வலியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். வேலை கூடிவிடுமோ என்ற கவலை அவருக்கு இருப்பது இயல்பு. அந்த நாட்களில் மட்டும் உதவிக்கு ஒரு ஆள் வைக்கலாமா என்று நீங்களே முதலில் கேட்டால் பேச்சின் தொனி மாறும்.

கணவரிடம் "படிக்கட்டுமா?" என்று இனி கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு "உன் இஷ்டம்" என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் தெரியவில்லை. நாள் முழுக்க வெயிலில் ஏசி வேலை பார்த்துவிட்டு வருகிறவரிடம் தெளிவாக மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: என்ன படிப்பு, வருஷத்துக்கு எவ்வளவு, அவர் என்ன செய்ய வேண்டும். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாமியாரிடம் அவரே ஒருமுறை போனில், "அம்மா, அவ படிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் பத்து முறை சொல்வதைவிட அந்த ஒரு முறைக்கு மதிப்பு அதிகம். தம்பியிடமும் நர்சிங் வேண்டாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

சேர்க்கை வழக்கமாக வருஷத்தில் இரண்டு பருவங்களில் நடக்கும், ஜனவரியிலும் ஜூலையிலும். இந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்தது ஆறு மாதத்தில் வந்துவிடும், அவசரப்பட்டு முன்பணம் எங்கேயும் கொடுக்காதீர்கள். முதல் வேலை கல்லூரிக்குப் போவது. கடைக்கு ஒரு சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, கடிதத்தோடு போங்கள். போவதற்கு முன் அலுவலகம் அன்று திறந்திருக்குமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரை போட்ட நகல் கையில் இருந்து, ஒரு மாதமாகியும் சான்றிதழ் வரவில்லை என்றால், அந்த நகலின் படத்தோடு எனக்கு எழுதுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய புகார்க் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.